மொத மாசத்துப் பொய்

ஆங், இதையேதான் உங்களுக்கு முன்ன இங்க இருந்த ராஜாங்கம் சாரும் சொன்னாரு டீச்சர். ஒரு எழுத்து மாறாம சொன்னாரு. பள்ளிக்கூடம் போவாம இருக்கறதுக்கு புள்ளைங்க ஆயிரம் சாக்கு சொல்லும், நம்பாதீங்க, பெத்தவங்கதான் கண்டிப்பா இருக்கணும்னு. வாத்தியார் வேலைக்கு படிக்கிறப்பவே எல்லாருக்கும் இத்த சொல்லிக் குடுத்துதான் அனுப்புவாங்களா? இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா கேட்டேன்.

உக்காருங்க. கட்டில்ல வாணாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இந்தாங்க பாயி. பாத்து உக்காருங்க, மேல கூர பூரா காஞ்ச கரும்பு சோகை, ரெண்டு தூத்தல் போட்டா போதும், தேளு எறங்கி வந்துடும். செருப்ப எங்க வுட்டீங்க, வெளிய வெறவு பக்கத்துலயா? இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. எங்க காலனியில செருப்பு போட்டுக்கினு வர்றவங்களே கம்மி.

தண்ணி குடிக்கிறீங்களா? குடிப்பீங்களா! இருங்க, சொம்ப கழுவிக்கினு வரேன். நீங்க வாணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினு கழுவாம வுட்டுட்டேன். போன வருஷம் கணக்கெடுக்க வந்த டீச்சரு தெரு மொனையிலயே நின்னுக்கினு பேரு கேட்டு எழுதிக்கினு பூட்டாங்க. இந்தாங்க.

அதோ வாசப்படியில உக்காந்துக்கினு இருக்கறாளே, அவதான் செந்தமிழ்ச்செல்வி. பேரு அவங்கப்பா வெச்சது. நாங்க செல்வின்னுதான் கூப்புடுவோம். பேசிப் பாருங்களேன்.

பேச மாட்டா. காது நல்லா கேக்குது டீச்சர். ஊமையும் இல்ல. நீங்க அந்தாண்ட போனீங்கன்னா என்னாண்ட பேசிப் பேசி காத அறுத்துடுவா. ஆடு தழ திங்கலன்னு சொல்லுவா, பக்கத்து வூட்டுல கொழம்பு தீஞ்சிடிச்சின்னு சொல்லுவா. பள்ளிக்கூடத்து ஆளுங்களாண்ட மட்டும்தான் வாய தொறக்க மாட்டா. வெக்கமெல்லாம் ஒண்ணியும் இல்ல. வெக்கம்னா எனக்கு சந்தோசமா இருக்குமே.

அய்ய, பையில இருந்து இன்னா எடுக்கறீங்க, சாக்பீசா? வாணாம் டீச்சர், உள்ள போடுங்க. முட்டாய் இருந்தா குடுங்க, வாங்கிக்குவா. சாக்பீசு மட்டும் அவளாண்ட நீட்டாதீங்க. சொல்றேன், ஏன்னு சொல்றேன். வெயிலு தாழட்டும். கச்சிராயபாளையம் போற டவுன் பஸ்ஸு சாய்ங்காலம்தானே, அதுக்குள்ள நீங்க எங்க போவப்போறீங்க.

போன வருஷம் ஆனியில சேத்தோம். பொறந்த தேதி கேட்டாரு ராஜாங்கம் சாரு. அத்த யாரு எழுதி வெச்சா? அணையில தண்ணி ரொம்பி ரோட்டுக்கு வந்த வருஷம்னு சொன்னேன். சிரிச்சிக்கினு, வலது கைய தலைக்கு மேல போட்டு எடது காத தொடு பாப்பான்னாரு. இவளுக்கு எட்டல. வெரலு காதுக்கு மேலயே நின்னுடிச்சி. சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு நான் இவள இட்டுக்கினு திரும்பிட்டேன். அவருதான், இரும்மான்னு சொல்லிட்டு, இவ தலைய லேசா அந்தப் பக்கம் சாச்சிப் புடிச்சாரு. எட்டிடிச்சி. பாத்தியா எட்டிடிச்சின்னு சேத்துக்கினாரு. காலனி புள்ளைங்க ஒரு வருஷம் பிந்தினா ஆடு மேய்க்கப் போயிடும்னு அவருக்குத் தெரியும். நல்ல மனுசன் டீச்சர். கெட்டவரா இருந்தா எனக்கு இவ்ளோ எரிச்சல் இருக்காது. ரெண்டு வார்த்த திட்டிட்டு மறந்து பூடுவேன்.

மொத நாளு இவ போட்ட சத்தம் அணைக்கட்டு வரைக்கும் கேட்டிருக்கும். என் பொடவைய புடிச்சிக்கினு வுடல. இவ மட்டும் இல்ல, எல்லாப் புள்ளைங்களும்தான். நாங்க அம்மாக்காரிங்க எதிர்ல புளியமரத்து அடியில உக்காந்துப்போம். கொஞ்ச நேரம் பொறுத்து ஒவ்வொருத்தியா போய் காட்டாமணக்கு வேலியில கண்ண வெச்சிப் பாப்போம். வேலிக்கு அந்தாண்ட புள்ள அழுவும், இந்தாண்ட அம்மா அழுவா. பெரிய தெரு ராஜாம்பாள் அம்மா களத்துல இருந்து ஆள அனுப்புவாங்க, கள எடுக்க வராம மரத்தடியில இன்னா கூத்துன்னு. அவங்க நெலத்துலதான் எங்களுக்கு வேல. போவலன்னா அன்னிக்கி ஒல கொதிக்காது.

ஒரு நா சாய்ங்காலம் சாரு இங்க வந்தாரு. இதே தெருவுல நின்னுக்கினு எல்லா அம்மாக்காரிங்களையும் கூப்ட்டாரு. இங்க பாருங்க, நீங்க வேலி ஓரம் நிக்கறது புள்ளைங்களுக்குத் தெரியுது, அதனாலதான் அழுவுதுங்க. பள்ளிக்கூடத்து கேட்டாண்ட வுட்டுட்டு, சாய்ங்காலம் வரேன்னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம போங்க. சொன்ன நேரத்துக்கு வாங்க. மொத மாசம் புள்ளைங்க சொல்றது எதையும் நம்பாதீங்க. வயித்த வலிக்குதும்பாங்க, பூதம்பாங்க, வாத்தியாரு அடிக்கிறாரும்பாங்க. ஒரு தபா நம்பி வூட்டுக்கு இட்டுக்கினு வந்தீங்கன்னா அதோட படிப்பு போச்சி. அப்படின்னாரு. நாங்களும் சரி சாமின்னோம். எங்கள்ல யாரு பள்ளிக்கூடம் போனா, எங்களுக்கு இன்னா தெரியும்.

அவருக்கு ஒரு பழக்கம். கேட்டாண்ட புள்ள கைய அம்மா கையில இருந்து எடுத்து, அந்தக் கையில ஒரு சாக்பீச வெச்சி மூடிடுவாரு. கையில இன்னாமோ இருக்குதேன்னு புள்ள பாக்கும்போது அம்மாக்காரி பூடணும். அதோட அழுவ நின்னுடும். பாதி புள்ளைங்களுக்கு நின்னிடிச்சி. இவளுக்கு நிக்கல.

இவ சொன்ன சாக்கு இருக்குதே, கேட்டீங்கன்னா சிரிப்பீங்க. வயித்து வலிங்கறதெல்லாம் மொத வாரத்தோட தீந்து பூட்சி. அப்பால ஆடு குட்டி போடப்போவுது, நான் பக்கத்துல இருக்கணும்னா. அது கெடா டீச்சர். ஒரு நா அணை ஒடையப்போவுதாம், எல்லாரும் மலையேறிடணுமாம், மலையில இருந்து வந்த கடுக்கா விக்கறவன் சொன்னானாம். சாரு அதுக்கும் சிரிச்சிட்டு சாக்பீசு குடுத்தாராம். அப்பால இருசப்பன் மாமாவுக்கு கஞ்சி ஊத்தணும்னா. அது மட்டும் நெசம். இருசப்பன்னா எங்களுக்கு ரெண்டு வூடு தள்ளி இருந்தவரு. தென்னமரத்துல இருந்து வுழுந்து இடுப்பு போனவரு, எழுந்திரிக்க முடியாது, பொண்டாட்டி புள்ளைங்க கெடையாது. தெருவுல ஆளுக்கு ஒரு வேள ஊத்துவோம். இவ கொண்டு போனாத்தான் அவரு ஒழுங்கா குடிப்பாரு. நான் கொண்டு போனா, வெய்யி அப்பறம் குடிக்கிறேம்பாரு.

இவ அழுவைய நிறுத்தினது சாரு இல்ல. ஒரு புள்ள. ராஜாம்பாள் அம்மாவோட மவன் வூட்டுப் பொண்ணு, தேவிப்ரியான்னு. அதுவும் அந்த வருஷம்தான் சேந்திச்சி, அதுவும் அழுவுணி. சாரு காலனிப் புள்ளைங்கள தனியா உக்கார வெக்க மாட்டாரு, கலந்துதான் உக்கார வெப்பாரு. அந்தப் புள்ள பக்கத்துல இவ. ரெண்டும் சேந்து அழுது அழுது ஒட்டிக்கிச்சிங்க. ஆவணி பொறந்ததும் இவ காலங்காத்தால தானே எழுந்து தல வாரச் சொல்றா. தேவிப்ரியா காத்துக்கினு இருக்கும்மா, சீக்கிரம் பின்னுங்கறா. கேட்டாண்ட வுட்டா திரும்பிக்கூட பாக்கல. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்திச்சி. சாரு என்னப் பாத்து, நான் சொன்னேன் இல்லன்னாரு. ஆமா சாமி, நீங்க சொன்னா சரிதான்னு கும்புட்டேன்.

பொரட்டாசி பொறந்த நேரம்தான் அந்த மறியலு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, உங்க ஊருப் பக்கமும் மரம் வெட்டியிருப்பாங்களே. பெரிய தெரு சாதிக்காரங்க, அவங்க புள்ளைங்களுக்கு படிப்புல வேலையில தனியா எடம் ஒதுக்கணும்னு கேட்டாங்க. கேட்டது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்கள்லயும் பாதிப் பேரு எங்கள மாதிரி கரும்பு வெட்டி கஞ்சி குடிக்கிறவங்கதான். போலீசு சுட்டு அங்கங்க செத்தாங்கன்னு ரேடியோவுல சொன்னப்ப எனக்கும் வயிறு எரிஞ்சிச்சி, அவங்களும் ஒரு அம்மா பெத்த புள்ளைங்கதானே. ஆனா கோவம் சர்க்காரு மேல இருந்தா சர்க்காராண்ட காட்டணும். சர்க்காரு மெட்ராஸ்ல இருக்குது, நாங்க கூப்புடு தூரத்துல இருக்கறோம்.

ரோட்டு மேல மரத்தையெல்லாம் சாச்சிட்டாங்க. நாங்க உக்காந்திருந்தோமே பள்ளிக்கூடத்து புளியமரம், அதையும்தான். எங்காளுங்க வெட்ட வரலன்னு அவங்களுக்கு ஒரு கோவம். அப்பால பெரிய தெருவுலயே ஒரு பொண்ணுக்கு பிரசவ வலி வந்து, மாட்டுவண்டி போறதுக்கு எங்க பசங்க நாலு கெளைய இழுத்து வழி பண்ணாங்க. அவங்க பொண்ணுக்குத்தான் டீச்சர் வழி பண்ணாங்க. அதுலதான் ஜாஸ்தியாயிடிச்சி. மறியல ஒடைச்சிட்டாங்களாம் காலனிக்காரங்க.

பஸ்ஸு இல்லாததால வெளியூரு டீச்சருங்க யாரும் வரல. ராஜாங்கம் சாரு இங்கியே ரூம் எடுத்து தங்கினவரு, அதனால அவரு மட்டும் பள்ளிக்கூடத்த தொறந்தாரு. ஊரு கெடக்கற கெடையில புள்ளைங்க ரோட்டுல திரியக்கூடாது, என்னாண்ட இருந்தா பத்திரமா இருக்கும்னாரு. அதுவும் நல்ல எண்ணம்தான். அவரோடது எல்லாமே நல்ல எண்ணம்.

மத்தியானம் நான் வேர்க்கடல கொல்லையில இருந்தேன். பொக வந்திச்சி. யாரோ கரும்புக் கொல்லைய கொளுத்தறாங்கன்னு நெனச்சேன். அப்பால பாத்தா எங்க பக்கம். கரும்பு சோகை டீச்சர், ஒரு வூட்டுல வெச்சா போதும், மத்தத காத்து பாத்துக்கும். நாங்க ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. ஆளுங்க எல்லாம் வேலைக்குப் போயிருந்ததால தப்பிச்சோம். அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க, பேப்பர்லயும் அப்படித்தான் வந்திச்சாம். இருசப்பன் வேலைக்குப் போவாதவரு. அவரால எழுந்திரிக்கவே முடியாதே.

இல்ல, குடிங்க, தண்ணி குடிங்க. எனக்கு ஒண்ணியும் இல்ல. சொல்லிச் சொல்லி மரத்துப் பூட்சி. ஆபீசருங்க வந்து எத்தினி தபா கேட்டாங்க தெரியுமா.

யாரு வெச்சாங்கன்னா? எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. கேசு நடக்குது. ராஜாம்பாள் அம்மா மறுநா ஒரு மூட்ட அரிசி அனுப்பினாங்க. பசிச்சிது, ஆக்கித் தின்னோம். இன்னிக்கும் அவங்க கொல்லைக்குத்தான் போறேன். வேற எங்க போவறது? செல்வியோட அப்பா மட்டும், இந்த மண்ணுல இனிமே கைய வெக்க மாட்டேன்னு மலைக்கு பூட்டாரு, வெள்ளிமல பக்கம் மரவள்ளி புடுங்க. எப்பனா வருவாரு. இந்த கீத்தும் மூங்கிலும் சர்க்காரு குடுத்தது. அது பத்தலன்னு திரும்ப சோகையத்தான் மேல போட்டிருக்கறோம். எரிஞ்சா எரியட்டும், மழைக்கு ஒழுவாம இருந்தா சரி.

வூடு கட்ற வரைக்கும் எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துலதான் வெச்சிருந்தாங்க. போவமாட்டேன் போவமாட்டேன்னு அழுதவ, கடைசியில பள்ளிக்கூடத்துலயே குடியிருந்தா, பாருங்க. ஆனா வகுப்புக்குள்ள கால வெக்கல. தாழ்வாரத்துலயே சுருண்டுக்கினு கெடந்தா. ராஜாங்கம் சாரு ஒரு நா எங்களாண்ட வந்தாரு. வந்து இவ எதிர்ல நின்னாரு. இவ என் பின்னால போய் ஒண்டிக்கினா. அந்த மனுசன் நின்னுக்கினே அழுதாரு டீச்சர். அவ்ளோ பெரிய மனுசன் அழுவறாரேன்னு நான் போய், வுடுங்க சாரு, வூடுதானே, கட்டிக்கலாம்னு அவருக்கு சமாதானம் சொல்லிக்கினு இருக்கறேன். வூட்டுக்காக அழுவறாரு, இருசப்பனுக்காக அழுவறாருன்னு நெனச்சிக்கினு. அப்பால மாத்தல் வாங்கிக்கினு மணலூர்பேட்ட பக்கம் பூட்டாரு.

இன்னா டீச்சர், பயமா? நெருப்பப் பாத்து பயந்துட்டாளா? நீங்களும் அதையே சொல்றீங்க. ஆஸ்பத்திரியில நர்ஸம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க, புள்ள பயந்துக்கிச்சி, நாளானா சரியாயிடும்னு. காத்தால எங்க வூட்டு அடுப்ப பத்த வெக்கறது யாருன்னு நெனச்சீங்க? இவதான். நெருப்பப் பாத்து பயப்படற புள்ள அடுப்பாண்ட போவுமா? பள்ளிக்கூடத்தப் பாத்தும் பயம் இல்ல. அந்த வழியாத்தான் ஆட்ட ஓட்டிக்கினு போறா. தேவிப்ரியா வேலியாண்ட வந்து கூப்புட்டா இவளும் நின்னு பேசுவா. உள்ள இருந்து டீச்சருங்க யாரனா வந்தா வாய மூடிக்கினு நடக்க ஆரம்பிச்சிடுவா, அவ்ளோதான்.

அடிச்சும் பாத்துட்டேன். நான் அடிக்காதவன்னு சொல்ல மாட்டேன். தூக்கிக்கினு போய் உள்ள உக்கார வெச்சிட்டும் வந்தேன். உக்காந்திருக்கறா, பேரு கூப்ட்டா ஆஜர் சொல்ல மாட்டா, அ எழுதச் சொன்னா எழுதுவா, படிக்கச் சொன்னா வாயத் தொறக்க மாட்டா. ஊமப் புள்ளைய எதுக்கும்மா இங்க அனுப்பறீங்க, அதுக்குன்னு தனியா பள்ளிக்கூடம் இருக்குதுன்னு அப்ப இருந்த டீச்சரம்மா சொல்லிட்டாங்க. அன்னிக்கி கையப் புடிச்சி இட்டுக்கினு வந்தவதான், திரும்ப அனுப்பல.

கெளம்பறீங்களா? சரி. ஆமா, பஸ்ஸுக்கு நேரமாவுது. யோசிச்சி சொல்றேன். அதான் சொல்றேனே, எனக்கு மட்டும் ஆசையில்லியா, இவ என்ன மாதிரி கள எடுக்கணும்னு வேண்டுதலா?

இன்னாடி? இழுக்காத, பொடவ அவுந்துக்கும். சொல்லு, காதுல சொல்லு.

டீச்சர், நில்லுங்க. செருப்பப் போடாதீங்களாம். வலது கால் செருப்புக்குள்ள தேளு பூந்துக்கினு இருக்குதாம். அவ பாத்தாளாம்.

சிரிக்கிறீங்க.

ஆமாமா, புள்ளைக்கு என்னப் புடிச்சிப் பூட்சி, போவ வுடாம வெளையாடறான்னு நெனச்சி சிரிக்கிறீங்க. எனக்குத் தெரியுது. ராஜாங்கம் சாரும் இப்படித்தான் சிரிச்சாராம் டீச்சர், வூடு எரிஞ்ச அன்னிக்கி காத்தால. தேவிப்ரியா வந்ததும் இவளாண்ட சொல்லியிருக்குது, இன்னிக்கி மத்தியானம் உங்க தெருவ கொளுத்தப்போறாங்களாம், எங்கப்பா பேசிக்கினு இருந்தாரு, நீ எங்க வூட்டுக்கு வந்து என் பக்கத்துல படுத்துக்கோன்னு. இவ நேரா சாராண்ட ஓடிப் போய், சாரு சாரு, எங்க வூட்ட கொளுத்தப்போறாங்க, இருசப்பன் மாமாவால எழுந்திரிக்க முடியாது, நான் போயி எங்கம்மாவாண்ட சொல்லணும்னு அழுதிருக்கறா. பழைய ஆட்டத்த திரும்ப ஆரம்பிச்சிட்டியான்னு சிரிச்சிக்கினே கையில ஒரு சாக்பீச வெச்சி மூடினாராம். கேட்ட தாண்டி ஓடினவள தூக்கிக்கினு வந்து, உள்ள வுட்டு கதவ சாத்திட்டாராம். வேலியாண்ட நிக்காத, என்ன சொன்னாலும் நம்பாதன்னு சொல்லியிருந்தாங்க இல்ல, அதனால நானும் அங்க இல்ல. பொக வந்தத இவ ஜன்னல்ல பாத்தாளாம். எத்தினியோ நாளு கழிச்சி, எண்ண தேச்சி வுட்டுக்கினு இருக்கும்போது, சோறு தின்னேன்னு சொல்றாப்பல சொல்றா, நான் சாராண்ட சொன்னேம்மான்னு.

தேளு இருக்குதோ இல்லியோ எனக்குத் தெரியாது. நான் பாக்கல. அவ பாத்தேன்னு சொல்றா. ஒதறிப் போடுங்க டீச்சர். உங்களத்தான் பாத்துக்கினு நிக்கறா.